கண்முத்திரை

ஹெலிகாப்டரின் கதவைக் கழற்றித் தர முடியாது என்று கிரிதரன் சொன்னபோதே பூங்கோதை எழுந்து வந்திருக்க வேண்டும். வானத்திலிருந்து படமெடுக்கிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, இடுப்பிலும் தோளிலும் வார் மாட்டிக்கொண்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கும் தரைக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றும் இருக்காது. கண்ணாடி வழியாக எடுத்தால் பிரதிபலிப்பு விழும், கோடு விழும், நிறம் மங்கும். இருபது வருடத் தொழிலில் அவள் கண்ணாடி வழியாக எடுத்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"கடல் காத்து மேடம். இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றார் கிரிதரன். அலைவாசல் துறைமுகக் கம்பெனியின் நில விவகாரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்கிற மாதிரியே சொல்வார். "ஆனா நீங்க இந்தக் கண்ணாடிய ஒருதரம் பாருங்க. புதுசா வந்தது. பிரதிபலிப்பே கிடையாது."

அவள் போய்ப் பார்த்தாள். உண்மையாகவே அப்படி ஒரு கண்ணாடியை அவள் பார்த்ததில்லை. கையை நீட்டித் தொட்டுப் பார்த்த பிறகுதான் அங்கே கண்ணாடி இருக்கிறது என்று நம்ப முடிந்தது.

"டிரோன் வெச்சே எடுத்துக்கலாமே, எதுக்கு நான்?" என்று கேட்டாள், பதில் தெரிந்தே.

"டிரோன் படத்த ஆணையத்துல தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. எங்களுக்குக் கண்ணு வேணும் மேடம். உங்க கண்ணு."

அவள் கண்ணுக்கு அப்படி ஒரு மதிப்பு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் ஒரு கெட்ட காலம் இருந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் படமாகச் செய்து விட்டார்கள். நடக்காத கொலைக்குப் படம், இல்லாத நிலத்துக்குப் படம். கடைசியில் எந்தப் படத்தையும் ஏற்பதில்லை என்று நீதிமன்றங்கள் கையை விரித்தன. அப்போதுதான் கண்முத்திரை வந்தது. உரிமம் பெற்ற ஒரு மனிதர் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு படமெடுப்பார். அவர் கண் பார்த்ததும் கேமரா பார்த்ததும் ஒன்றுதான் என்று பட்டை உறுதி செய்தால் படத்தின் மூலையில் பச்சைப் புள்ளி விழும். விழுந்த அந்தக் கணமே படம் ஆணையத்தின் பெட்டகத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எடுத்தவரே நினைத்தாலும் அதைத் தொட முடியாது.

உரிமம் உள்ளவர்கள் மாநிலத்தில் கொஞ்சம் பேர்தான். அதிலும் ஹெலிகாப்டரில் ஏறி எடுக்கிறவர்கள் இன்னும் குறைவு. பூங்கோதைக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. 'என் கண் பொய் சொல்லாது' என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. நடையிலும் பேச்சிலும் அது தெரியும்.

கதவோடேயே ஏறிப் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கீழே பார்க்க அந்தக் கதவுக் கண்ணாடி ஒன்றுதான் வழி.

ஓட்டியவர் கேப்டன் எபனேசர். கடலோரக் காவல் படையிலிருந்து ஓய்வு பெற்ற நாகர்கோவில்காரர். அவளோடு பலமுறை பறந்தவர்; அவள் பழக்கம் தெரியும். படமெடுக்கும்போது காதில் பேச்சு கூடாது. அவள் வலது, இடது, கீழே என்று சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். பதில் பேசக் கூடாது. அவர் பேச்சை அவள் அணைத்தே வைத்துவிடுவாள்.

ஆறு கடலில் கலக்கிற இடத்தில், கோரைத்திட்டு என்று வரைபடத்தில் எழுதியிருந்த மணல் திட்டின் மேலே வந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. கீழே வெறும் மணல். ராவணன் மீசைப் புல் பந்து பந்தாக உருண்டு கிடந்தது. அடப்பங்கொடி ஊதாப் பூவோடு கடலை நோக்கிப் படர்ந்திருந்தது. ஒரு குடிசை இல்லை, ஒரு படகு இல்லை. அழகான இடம் என்று நினைத்துக்கொண்டாள். ஒருமுறை மட்டும் ஹெலிகாப்டர் இப்படியும் அப்படியுமாக இரண்டு ஆட்டம் ஆடியது. நல்ல ஒரு படம் வீணாயிற்று. "கேப்டன், என்ன பண்றீங்க?" என்று எரிந்து விழுந்தாள். மற்ற எல்லாப் படங்களிலும் பச்சைப் புள்ளி விழுந்தது.

கிரிதரன் நன்றி சொன்னார். அவள் பெரம்பூர் வீட்டுக்குத் திரும்பி அந்த வேலையை மறந்து போனாள்.

*

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் அவள் ஸ்டூடியோவைத் தேடிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த, எலும்பு தெரியும் முகம். கையில் ஒரு மஞ்சள் பை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நீங்கதானம்மா அன்னிக்கு ஹெலிகாப்டர்ல வந்தது? கோரைத்திட்டுக்கு?"

"ஆமா. நீங்க?"

"எம்பேரு சிவபாக்கியம். நான் கோரைத்திட்டு."

"கோரைத்திட்டுல யாரும் இல்லையே."

சிவபாக்கியம் வாயில் வந்ததை விழுங்கிக்கொள்வது தெரிந்தது.

"அதத்தாம்மா கேக்க வந்தேன். நாங்க அத்தினி பேரும் மணல்ல வந்து நின்னோம். மேலேருந்து போட்டோ புடிக்க வராங்க, எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க, அப்பதான் ஊரு இருக்குன்னு தெரியும்னு தாலுகா ஆபீஸ்லேருந்து சொல்லிட்டுப் போனாங்க. நாந்தான் வீடு வீடாப் போயி சொன்னேன். புள்ளைங்களுக்குத் தலைய வாரி, நல்ல துணியப் போட்டு நிக்க வெச்சோம். எங்க மாமனாரு எழுந்து நடக்க முடியாது, அவரக் கட்டிலோட தூக்கிட்டு வந்து போட்டோம். எல்லாரும் கையாட்டினோம். இப்ப பொக்லைன் வந்து நிக்கிது. கேட்டா, இங்க யாருமே இல்லன்னு படம் இருக்குங்கறான். எங்கள நேருக்கு நேரா பாத்துகிட்டே சொல்றாம்மா, இங்க யாருமே இல்லன்னு!"

"நீங்க வேற ஊரைச் சொல்றீங்க" என்றாள் பூங்கோதை. குரல் தானாகவே உயர்ந்தது. "நான் பாத்த இடத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. என் கண்ணால பாத்தேன். முத்திரை விழுந்திருக்கு. பொய் முத்திரை போடவே முடியாது, உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க போன்ல ஊரு படம் எவ்ளோ இருக்கு தெரியுமா? கல்யாணம், காதுகுத்து, எல்லாம் இருக்கு. அதெல்லாம் செல்லாதாம். உங்க படம்தான் செல்லுமாம். அப்படி என்னம்மா உங்க கண்ணுல மட்டும்?"

பூங்கோதைக்குக் கோபம் வந்தது. யாரோ ஏமாற்றுக்காரர்கள் இந்தப் பெண்ணைத் தூண்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஒரு படம் செல்லாமல் போனால் தன் பெயரே கெட்டுவிடும் என்றும் நினைத்தாள். எழுந்து வாசலைக் காட்டினாள்.

சிவபாக்கியம் மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாங்க கையாட்டினதுக்கு நீங்களும் ஹெலிகாப்டர ரெண்டு ஆட்டு ஆட்டிக் காட்டினீங்களேம்மா. புள்ளைங்க என்னா குதி குதிச்சிச்சு. அதுகூட ஞாபகம் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

பூங்கோதை வாசலிலேயே நின்றாள். பிறகு ஓடிப்போய் தெருமுனையில் அவளைப் பிடித்தாள்.

*

கேப்டன் எபனேசர் மீனம்பாக்கத்தில் ஹெலிகாப்டர் நிறுத்துகிற கொட்டகையில் இருந்தார். பூங்கோதை மூச்சு வாங்கக் கேட்டாள்.

"கோரைத்திட்டு மேல அன்னைக்கு எதுக்கு ஆட்டினீங்க?"

"சாரி மேடம், அன்னைக்கே கேக்கணும்னு நினைச்சேன். உங்க படத்தக் கெடுத்துட்டேனோ? பிள்ளைங்க அப்படிக் கையாட்டிச்சு. நமக்கு மனசு கேக்கல. ஒரு கிழவரக் கட்டில்ல போட்டு வெச்சிருந்தாங்க, அவருகூடக் கைய தூக்கினாரு."

பூங்கோதை பக்கத்திலிருந்த டயர் அடுக்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மேடம்? நீங்க பாக்கலையா?"

"நீங்க எந்தக் கண்ணாடி வழியா பாத்தீங்க?"

"எனக்கு முன்னாடி இருக்கறது எப்பவும் உள்ள கண்ணாடிதான். ஓட்டறவன் கண்ணாடில கைவைக்க எவனுக்கும் அனுமதி கிடையாதே. புதுசு போட்டது உங்க கதவுல மட்டும்தான்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். இருவரும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே ஒரு மெக்கானிக் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். கண்ணாடியில் அவன் துல்லியமாகத் தெரிந்தான்.

"இங்க எல்லாம் தெரியுது" என்றாள் அவள்.

"இங்க மறைக்க வேண்டியது ஒண்ணும் இல்லையே மேடம்" என்றார் எபனேசர்.

புரிந்தபோது அவளுக்கு முதலில் வந்தது அவமானம். அந்தக் கண்ணாடி எந்த இடத்தின் மேல் இருக்கிறோம் என்று அறிந்து, அந்த இடத்து மனிதர்களை, குடிசைகளை, படகுகளை அழித்துவிட்டு, மணலையும் கொடியையும் வரைந்து காட்டியிருக்கிறது. அவள் கண்ணும் கேமராவும் ஒரே பொய்யைப் பார்த்தன. இரண்டும் ஒத்துப் போயின. முத்திரை விழுந்தது. திரையரங்கில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு, நேரில் பார்த்தேன் என்று சத்தியம் செய்துகொடுத்திருக்கிறாள்.

கிரிதரனுக்குப் போன் செய்தாள். "மேடம், நீங்க முத்திரை போட்டுக் குடுத்த படம். இப்ப நீங்களே தப்புங்கறீங்க. மன்னிக்கணும், எனக்கு ஒண்ணும் புரியல" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

*

கடற்கரை நில ஆணையத்தின் உறுப்பினர் சச்சிதானந்தம் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பூங்கோதை சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். பின்வரிசையில் சிவபாக்கியமும் ஊர்க்காரர்கள் சிலரும் இருந்தார்கள்.

"கண்ணாடியைப் பரிசோதிக்கச் சொன்னோம். சாதாரணக் கண்ணாடி என்று அறிக்கை வந்திருக்கிறதே அம்மா."

"எங்க வெச்சுப் பரிசோதிச்சாங்க ஐயா?"

"கிண்டியில். ஆய்வகத்தில்."

"கிண்டில அது சாதாரணக் கண்ணாடிதான். கோரைத்திட்டு மேல கொண்டுபோய்ப் பாக்கச் சொல்லுங்க."

"போய் யார் பார்ப்பது? பார்த்தவர் வந்து சொன்னால் அது வாய்ச்சொல். வாய்ச்சொல்லை நாங்கள் ஏற்பதில்லை. விமானி சொல்வதும் அப்படித்தான்."

"நான் சொல்றது?"

"நீங்கள் சொல்வதும்தான்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கே அது சங்கடமாக இருந்ததுபோல் பட்டது. "இந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. சாட்சிகளை மிரட்டினார்கள், விலைக்கு வாங்கினார்கள். பார்த்த கணத்தைப் பூட்டி வைத்துவிட்டால் பிறகு எவனாலும் மாற்ற முடியாது. உங்களாலும்தான். நாளைக்கு ஒவ்வொருவரும் வந்து, அன்றைக்கு என் கண் ஏமாந்தது என்று சொன்னால் எதைத்தான் நம்புவது?"

"அங்க உக்காந்திருக்காங்களே ஐயா! ஊரே வந்து உக்காந்திருக்கு. திரும்பிப் பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்ப நான் மறுபடி போய், கதவில்லாம, கண்ணாடியில்லாம ஒரு படம் எடுத்துட்டு வந்தா?"

"முத்திரை இருந்தால் ஏற்போம். ஏற்காமல் இருக்க எங்களுக்கு அதிகாரமில்லை."

வெளியே வந்ததும் சிவபாக்கியம் பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒரு படம் எடுத்துக் குடும்மா. கம்பெனி கூப்புட்டா வருவீங்க, நாங்க கூப்புட்டா வரமாட்டீங்களா?"

எபனேசர் தனக்குத் தெரிந்த பறக்கும் பள்ளியிலிருந்து ஒரு பழைய ஹெலிகாப்டரைக் கேட்டு வாங்கினார். கதவென்று பேருக்கு இருந்ததையும் கழற்றி எறிந்தார்கள். பூங்கோதை காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டியதும் அவள் முதல்முறையாகக் கோரைத்திட்டைப் பார்த்தாள்.

நீலத் தார்ப்பாய் போட்ட கூரைகள். மணலில் வரிசையாக இழுத்துப் போட்ட படகுகள். உலர்த்திய வலைகள், கருவாட்டுப் பாய்கள், கன்னிமார் கோயிலின் சின்னச் சிவப்புக் கொடி, தண்ணீர் டிரம்கள், அதற்கு நடுவில் நிமிர்ந்து பார்க்கும் முகங்கள். இத்தனையையும் அழித்துவிட்டு அங்கே பூக்கொடியை வரைந்திருக்கிறான் யாரோ ஒருவன், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு. நல்ல ரசனைக்காரன். அதை அழகு என்று ரசித்தது தன் கண்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கும் அவர்கள் கையாட்டினார்கள். அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். பச்சைப் புள்ளி விழுந்துகொண்டே இருந்தது. இந்த முறை காதில் எபனேசரின் பேச்சை அவள் அணைத்து வைக்கவில்லை. "தெரியுதா மேடம்?" என்று அவர் கேட்டார். "தெரியுது கேப்டன், எல்லாரும் தெரியறாங்க" என்றாள்.

*

ஆணையத்தின் உத்தரவு வந்த அன்று ஊர் முழுக்க லாரி பிடித்து வந்திருந்தது. சச்சிதானந்தம் தாளைப் பார்த்தபடியே வாசித்தார்.

முதல் படம் கண்முத்திரை பெற்றது. ஆகவே அந்தத் தேதியில் கோரைத்திட்டில் குடியிருப்பு எதுவும் இல்லை என்பது மறுக்க முடியாதது. இரண்டாவது படமும் கண்முத்திரை பெற்றது. ஆகவே அந்தத் தேதியில் அங்கே குடிசைகளும் மக்களும் இருந்தார்கள் என்பதும் மறுக்க முடியாதது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, இவர்கள் இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் வந்து குடியேறிய ஆக்கிரமிப்பாளர்கள் என்ற முடிவுக்குத்தான் வர முடியும்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது சிவபாக்கியம்தான் எழுந்தாள்.

"எங்க மாமனாரு அந்த மணல்லதான் பொறந்தாரு சாமி. அவரு எழுந்து நடந்தே நாலு வருசமாச்சு. அவரு எங்கேருந்து எப்ப வந்து குடியேறினாரு?"

காவலர் அவளை உட்காரச் சொன்னார்.

பூங்கோதை மேசையில் ஓங்கி அடித்தாள். என்னென்னவோ கத்தினாள். வீடுகளுக்கு வயசு தெரியாதா, கோயில் சுவரில் பாசி பிடித்திருப்பது தெரியாதா, ஒரு ஊர் சில மாதத்தில் முளைக்குமா, இதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா என்று கேட்டாள். சச்சிதானந்தம் எழுந்து உள்ளே போய்விட்டார். போகும்போது அவர் நடை தளர்ந்திருந்ததாக எபனேசர் பிறகு சொன்னார். "தளர்ந்து என்ன பிரயோஜனம்? கையெழுத்து ஸ்டெடியாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

அந்த வாரமே பொக்லைன் இறங்கியது. ஊரை ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய மார்க்கெட் கொட்டகையில் இறக்கிவிட்டார்கள். ஆண்கள் மீது அத்துமீறல் வழக்கு. கட்டிலோடு வந்த கிழவர் அந்தக் கொட்டகையில் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பூங்கோதை துக்கத்துக்குப் போனபோது சிவபாக்கியம் அழவில்லை, திட்டவுமில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க ரெண்டாவது படம் எடுக்காமயே இருந்திருக்கலாம்மா. மொத படத்துல நாங்க இல்லாதவங்க, அவ்ளோதான். இப்ப திருடங்களாயிட்டோம்."

*

கிரிதரனிடமிருந்து போன் வந்தபோது அவள் நம்பவில்லை.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க மேடம். பாக்கப் போனா உங்க ரெண்டு படமும் எங்களுக்கு உதவிதான் பண்ணிச்சு. எம்.டி.யே சொன்னாரு, அந்தம்மாவையே கூப்பிடுங்கன்னு. அடிக்கல் நாட்டு விழா வருது. குத்தகைல ஒரு நிபந்தனை, மார்ச் மாசத்துக்குள்ள அடிக்கல் நாட்டி, மேலேருந்து கண்முத்திரைப் படம் எடுத்து ஆணையத்துல சேர்க்கணும். ஹெலிகாப்டர்ல ஏறி எடுக்கற மத்த ரெண்டு பேரும் வடக்க ஒரு வேலைக்குப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. மன்னிக்கணும், உங்களுக்குக் கஷ்டமா இருந்தா..."

போனைச் சுவரில் எறிந்துவிடலாமா என்றிருந்தது. உதவி! அவள் கண்ணைப் பிடுங்கி, அதாலேயே ஊரைக் குத்திவிட்டு, உதவி என்கிறான். பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

"எந்த ஹெலிகாப்டர்?"

"நம்மதுதான். ஓட்டறதும் உங்க கேப்டன்தான். கவலைப்படாதீங்க, இந்தத் தடவை நீங்க கேட்ட மாதிரி கதவக் கழட்டியே குடுத்துடறோம்."

"சரி, வரேன்" என்றாள்.

அன்று மாலை எபனேசர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கொண்டுவந்த காப்பி ஆறிப் போகும்வரை இருவரும் பேசினார்கள்.

"கதவக் கழட்டிடுவாங்களே மேடம்."

"காத்து அதிகம், கதவு வேணும்னு யார் சொன்னா மாட்டுவாங்க?"

"நான் சொன்னா மாட்டணும். பறக்கறதுல விமானி சொல்றதுதான் முடிவு." யோசித்தார். "தெரிஞ்சே பண்றோம். எனக்குப் பரவால்ல, வயசாயிடுச்சு. லைசென்ஸ் போனா தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துவேன். உங்களுக்கு இது தொழில்."

"தொழிலா இது? பொய்னு தெரியாம முத்திரை போட்டேன், கைதட்டினாங்க. உண்மைன்னு தெரிஞ்சு போட்டேன், அதுக்கு ஒரு உசுரு போச்சு. இனிமே என்ன இருக்கு கேப்டன், காப்பாத்தறதுக்கு?"

எபனேசர் அவள் போகும்போது வாசல்வரை வந்தார்.

மார்ச் கடைசியில் வந்த விழா நாளில் கோரைத்திட்டு அடையாளம் தெரியாமல் சமமாக்கப்பட்டிருந்தது. பெரிய பந்தல், சிவப்புக் கம்பளம், மேளம், அமைச்சர்கள், மாவட்ட அதிகாரிகள். வரவேற்பில் ஓடியாடிக்கொண்டிருந்த கிரிதரனுக்கு ஹெலிகாப்டர் பக்கம் வர நேரமில்லை. கொட்டகையில் எபனேசர் காற்றைக் காரணம் காட்டிக் கதவைத் திரும்ப மாட்டச் சொன்னார். மெக்கானிக்குகள் கேள்வி கேட்காமல் மாட்டினார்கள்.

"ஏறுங்க மேடம்" என்றார்.

ஆற்றைத் தாண்டும்வரை கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. சாலையில் வரிசையாக நின்ற கார்கள், தடுப்புக்குப் பின்னால் தள்ளி நிறுத்தப்பட்டிருந்த ஊர்க்காரர்கள். திட்டின் விளிம்பு வந்தது. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல் பந்தல் மறைந்தது. மேடை மறைந்தது. அமைச்சர்கள், அதிகாரிகள், மேளக்காரர்கள், கம்பளம், அடிக்கல், ஆயிரம் நாற்காலிகள், எல்லாம் போய், ராவணன் மீசைப் புல் உருண்டு கிடந்தது. ஊதாப் பூக்கள் பூத்திருந்தன.

சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இவ்வளவு சுலபமா, என்றுதான் தோன்றியது. எபனேசர் காதில் நேரடியாக வர்ணித்துக்கொண்டிருந்தார். "இப்ப மினிஸ்டர் கரண்டிய எடுக்கறாரு... சிமென்ட் போடறாரு... எல்லாரும் கைதட்டறாங்க மேடம்." அவள் வெறும் மணலைக் குறிவைத்து அழுத்தினாள். பச்சைப் புள்ளி விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது. படங்கள் ஒவ்வொன்றாக ஆணையத்தின் பெட்டகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

*

ஏப்ரலில் ஆணையம் கூடியது. குறித்த காலத்துக்குள் அடிக்கல் நாட்டப்படவில்லை, ஆகவே குத்தகை ரத்து என்று பெட்டகத்தின் கணக்கு தானாகவே நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அன்று காலையிலேயே, கம்பெனி கொடுத்த புகாரின் பேரில், பூங்கோதையின் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நெற்றிப்பட்டையை ஒரு குமாஸ்தாவிடம் கழற்றிக் கொடுத்தபோது தலை லேசாக இருந்தது. பின்வரிசையில் போய்ச் சிவபாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கம்பெனி வக்கீல் செய்தித்தாள்களைக் காட்டினார், வீடியோக்களைக் காட்டினார், வந்திருந்தவர்களின் பெயர்களை வாசித்தார். எதிலும் முத்திரை இல்லை. சச்சிதானந்தம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முன்னால் திரையில் அந்தப் படம் இருந்தது. விழாவில் மூன்றாம் வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்தார். அது அறையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நகர்த்தினார். மணலில் ஓரிடத்தில் நிறுத்தி, அங்கேயே வெகுநேரம் பார்த்தார்.

"உங்கள் தரப்பில் வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார்.

வக்கீல் கிரிதரனைத் திரும்பிப் பார்த்தார். கிரிதரன் போனைப் பார்த்தார். யாருக்கோ ஏதோ அனுப்பினார், பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மன்னிக்கணும் ஐயா. அந்தப் படத்த ஏத்துக்கக் கூடாது. அந்த ஹெலிகாப்டர் கதவுக் கண்ணாடில ஒரு கோளாறு இருக்கு. அந்த இடத்துக்கு மேல போனா... இருக்கறது தெரியாது."

சச்சிதானந்தம் தலை நிமிர்ந்தார். கிரிதரனைத் தாண்டி, வக்கீலைத் தாண்டி, இத்தனை நாளும் பார்க்காத பின்வரிசையைப் பார்த்தார். சிவபாக்கியம் எழுந்து நின்றாள்.

"எப்போதிலிருந்து?" என்று கேட்டார்.